புயலுக்குப் பிறகு ஊருக்குள் வரும் மருத்துவக் குழு உண்மையில் என்ன வேலை செய்கிறது?

ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் தொலைக்காட்சியில் ஒரு காட்சி வரும். சாய்ந்து கிடக்கும் மரங்களுக்கு நடுவே ஒரு வேன், பக்கத்தில் ஒரு மேசை, கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு ஒரு மருத்துவர், எதிரே நீண்ட வரிசை. கீழே "நடமாடும் மருத்துவக் குழுக்கள் விரைந்தன" என்று எழுத்து ஓடும். அதைப் பார்த்துவிட்டு நாம் பேசுவதும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். "அடிபட்டவங்களே இல்லாத ஊருக்கு டாக்டர் எதுக்கு?" என்பார் ஒருவர். "நாலு மாத்திரை கொடுத்துட்டுப் போயிட்டாங்க, ஒரு ஊசிகூடப் போடல" என்பார் இன்னொருவர். "நாமும் பத்துப் பேர் சேர்ந்து மருந்து வாங்கிட்டுப் போய் ஒரு முகாம் போட்டுட்டு வரலாமே" என்று நல்ல மனதோடு கிளம்புபவர்களும் உண்டு.

இந்த மூன்று பேச்சுக்கும் அடியில் இருப்பது ஒரே தவறான எண்ணம். புயல் மனிதர்களைக் காயப்படுத்துகிறது, மருத்துவக் குழு அந்தக் காயத்துக்குக் கட்டுப் போட வருகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். குழு காயத்துக்கும் கட்டுப் போடும், ஆனால் அது அந்தக் குழுவின் வேலையில் சின்னப் பங்குதான். மீதி வேலை என்ன, அதை ஏன் ஒரே நாளில் முடிக்க முடியாது என்பதைப் பார்ப்போம். மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை.

டவுன் பஸ்ஸும் ஸ்பெஷல் பஸ்ஸும்

திருவிழாவுக்கு ஸ்பெஷல் பஸ் விடுகிறார்கள். அன்றைக்கு ஆயிரம் பேரை ஏற்றி இறக்கும், மறுநாள் இருக்காது. ஊருக்குள் வரும் டவுன் பஸ் வேறு மாதிரி. காலை ஏழரைக்கு ஒன்று, மாலை ஐந்துக்கு ஒன்று என்று இரண்டு தடவைதான் வரும். ஆனால் நாளைக்கும் வரும் என்று தெரிவதால் பள்ளிப் பிள்ளை முதல் பூ வியாபாரி வரை எல்லோரும் அதை நம்பி நாளைத் திட்டமிடுகிறார்கள். அது ஊரைப் பேருந்து நிலையத்தோடு இணைக்கிறது, அங்கிருந்து எங்கு வேண்டுமானாலும் போகலாம்.

ஒருநாள் மருத்துவ முகாம் ஸ்பெஷல் பஸ். நடமாடும் மருத்துவக் குழு டவுன் பஸ். இன்ன கிழமை, இன்ன நேரம், இன்ன இடம் என்று சொல்லி, அதே ஊர்களைத் திரும்பத் திரும்பச் சுற்றி வரும். ஊரைப் பெரிய மருத்துவமனையோடு இணைத்து வைக்கும். நடமாடும் மருத்துவக் குழு என்றால் என்ன என்று ஒரே வரியில் கேட்டால் என் பதில் இதுதான்: நிலையான மருத்துவ வசதி செயலிழந்த அல்லது எட்டாத ஊர்களுக்கு, குறித்த சுற்றில் திரும்பத் திரும்பச் சென்று அடிப்படைச் சிகிச்சை தரும் சிறு குழு.

இதில் "திரும்பத் திரும்ப" என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் எல்லாமே அதைச் சுற்றித்தான்.

புயலில் காயம் எவ்வளவு?

1970 நவம்பர் 12ஆம் தேதி இரவு, அன்று கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த இன்றைய வங்காளதேசக் கடற்கரையை ஒரு புயல் தாக்கியது. போலா புயல் என்று இன்று அறியப்படும் அதில் மூன்று முதல் ஐந்து லட்சம் பேர் வரை இறந்ததாகக் கணக்கு. வரலாற்றில் பதிவான புயல்களில் மிக அதிக உயிர்களைக் கொண்டுபோனது அதுதான்.

அந்தப் புயலுக்குப் பிறகு ஆல்ஃபிரட் சாமர், வைலி மோஸ்லி என்ற இரண்டு மருத்துவ ஆய்வாளர்கள் அப்பகுதியில் கணக்கெடுப்பு நடத்தினார்கள். இவ்வளவு பெரிய அழிவில் பிழைத்தவர்களிடம் ஏராளமான எலும்பு முறிவும் பெருங்காயமும் இருக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்த்திருப்பார்கள். அப்படி இல்லை. பிழைத்தவர்களிடம் பெருங்காயம் குறைவாகவே இருந்தது. கடல் ஏறி வந்தபோது தப்பியவர்கள் தப்பினார்கள், மற்றவர்களை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. பலரிடம் ஒரே வகைக் காயத்தைப் பார்த்தார்கள்: மார்பு, கைகளின் உட்புறம், தொடையின் உட்புறம் எல்லாம் தோல் உரிந்து ரணமாகியிருந்தது. இரவெல்லாம் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அலையோடு போராடியதன் தடம் அது. அதற்குப் புயல் நோய்க்குறி என்றே பெயர் வைத்தார்கள்.

இன்றும் பொதுவாக நிலைமை அதுதான். புயல் கரை கடக்கும் இரவைவிட, அடுத்த ஒரு வாரத்தில் வரும் காயங்கள் பல நேரம் அதிகம். கூரையில் தகரம் மாற்ற ஏறி விழுபவர்கள், மரம் அறுக்கும்போது அடிபடுபவர்கள், இடிபாட்டுக்குள் ஆணி மிதிப்பவர்கள், அறுந்து கிடக்கும் மின்கம்பியைத் தொடுபவர்கள், வெள்ளத்தில் வளையை இழந்து வீட்டுக்குள் வந்த பாம்பிடம் கடிபடுபவர்கள்.

இங்கே ஒரு மனக்குறைக்கும் விளக்கம் சொல்லிவிடுகிறேன். "காலில் இவ்வளவு பெரிய வெட்டு, தையல் போடாமல் அனுப்பிட்டாங்க" என்று கோபப்படுபவர்கள் உண்டு. சேறும் கழிவு நீரும் பட்ட காயத்தை உடனே தைத்து மூடினால் கிருமியையும் உள்ளே வைத்து மூடியதாகிவிடும். அதனால் நன்றாகக் கழுவி, அழுகிய திசுவை நீக்கி, திறந்தபடியே கட்டுப் போட்டு அனுப்புவார்கள். டெட்டனஸ் தடுப்பூசி நிலவரத்தையும் கேட்பார்கள். சில நாள் கழித்துக் காயம் சுத்தமாக இருந்தால் அப்போது தைப்பார்கள். இது அலட்சியமில்லை, முறையான வைத்தியம். ஆனால் அந்தச் "சில நாள் கழித்து" குழு மறுபடி வர வேண்டும். ஒருநாள் முகாம் போட்டவர்கள் அப்போது ஊரிலேயே இருக்க மாட்டார்கள்.

அறுந்துபோவது தினசரிச் சிகிச்சை

2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. நாகை, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் தோப்புதோப்பாக விழுந்தன. சாலையின் குறுக்கே மரம், மரத்தின் மேல் கம்பி. உள்ளடங்கிய ஊர்கள் நாள்கணக்கில் துண்டாகிக் கிடந்தன. சில இடங்களில் மின்சாரம் வர வாரக்கணக்கில் ஆனது.

கம்பம் சாய்ந்தால் விளக்கு எரியாது என்பது எல்லோருக்கும் தெரியும். உடல்நலத்துக்கு என்ன ஆகும் என்று ஒவ்வொரு படியாகப் பாருங்கள். மின்சாரம் இல்லை, அதனால் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் ஓடாது. குழாயில் தண்ணீர் வராது. ஊரார் குளத்துக்கும் அடிபம்புக்கும் போவார்கள். குளத்தில் இலையும் தழையும் செத்த கோழியும் ஆடும் மிதக்கும். நாலு நாளில் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. அதே மின்சாரம் இல்லாததால் குளிர்ப்பெட்டியும் ஓடாது. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் குழந்தைகளுக்கான தடுப்பூசிகளுக்கும் ஏறக்குறைய அதே கணக்குத்தான். தொழிற்சாலையிலிருந்து குழந்தையின் தொடை வரை அந்தக் குளிர் விடுபடாமல் காக்கும் ஏற்பாட்டுக்குக் குளிர்பதனத் தொடர் என்று பெயர். அது ஓரிடத்தில் விட்டுப்போனாலும் மருந்து வீரியம் இழந்துவிடலாம். பார்க்கப் பழைய மாதிரியே இருக்கும், பலன் மட்டும் இருக்காது.

இதற்கெல்லாம் மேலாக, நாள்தோறும் மாத்திரையோடு வாழ்பவர்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, வலிப்பு, ஆஸ்துமா, இதய நோய், காசநோய். கூரை பறந்து எல்லாம் நனைந்த வீட்டில் மாத்திரை டப்பா மட்டும் எங்கே பத்திரமாக இருக்கப் போகிறது? வலிப்பு மாத்திரை இரண்டு மூன்று நாள் நின்றாலே வலிப்பு திரும்பலாம். ரத்த அழுத்த மாத்திரை நின்றால் சிலருக்குப் பக்கவாதம் வரை போகும். காசநோய் மருந்தைப் பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகக்கூடும். இவர்கள் யாரும் புயலில் அடிபட்டவர்கள் இல்லை. கணக்கெடுக்க வருபவர் கேட்டால் "எங்க வீட்ல யாருக்கும் ஒண்ணும் ஆகலைங்க" என்றுதான் சொல்வார்கள்.

இதனால் ஏற்படும் உயிரிழப்பு எவ்வளவு பெரியது என்பதைப் போர்ட்டோ ரிகோ தீவு காட்டியது. 2017 செப்டம்பரில் மரியா புயல் தாக்கியபோது அரசு சொன்ன இறப்புக் கணக்கு 64. பிறகு ஆய்வாளர்கள், வழக்கமான காலத்தில் இத்தனை பேர் இறப்பார்கள், புயலுக்குப் பிந்தைய மாதங்களில் எத்தனை பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2018 ஆகஸ்டில் அரசே தன் கணக்கை 2,975 என்று மாற்றிக்கொண்டது. ஹார்வர்ட் ஆய்வாளர்கள் தனியாக வீடுவீடாகச் சென்று கேட்டபோது, புயலுக்குப் பிந்தைய இறப்புகளில் மூன்றில் ஒரு பங்குக்குக் காரணம் சிகிச்சை தாமதமானதும் நின்றுபோனதும்தான் என்று குடும்பத்தினர் சொன்னார்கள். மின்சாரமில்லை, மருந்துக்கடை மூடல், சாலையில்லை, ஆம்புலன்ஸ் வரவில்லை. காற்று அடித்து ஓய்ந்த பிறகு, வெயில் அடிக்கும் நாட்களில் நடந்த மரணங்கள் இவை. அந்த 64க்கும் 2,975க்கும் நடுவே இருப்பவர்களை நினைத்துத்தான் நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: புயலில் பெருங்காயத்தோடு பிழைப்பவர்கள் ஒப்பீட்டில் குறைவு. தண்ணீர், மின்சாரம், சாலை, மருந்து ஆகிய நான்கும் ஒரே சமயத்தில் நிற்பதால் நோயாளியாகிறவர்கள்தான் அதிகம். நடமாடும் குழு முக்கியமாக இவர்களுக்காகவே வருகிறது.

வேனில் யார், என்ன?

ஒரு மருத்துவர், ஒன்றிரண்டு செவிலியர், மருந்தாளுநர், ஓட்டுநர். கூடவே ஒரு சுகாதார ஆய்வாளர் வந்தால் குழுவின் பலம் இரட்டிப்பாகும். அவர் நோயாளியைப் பார்க்க மாட்டார், ஊர்த் தண்ணீரைப் பார்ப்பார். கையடக்கமான குளோரோஸ்கோப் என்ற கருவியின் சிறு குழாயில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, சில சொட்டு ரசாயனம் விடுவார். தண்ணீரில் குளோரின் இருந்தால் மஞ்சளாகும். அந்த மஞ்சளைப் பக்கத்திலுள்ள நிற அட்டையோடு ஒப்பிட்டால் எவ்வளவு குளோரின் மிச்சம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். நிறம் மாறவே இல்லையென்றால் அந்தத் தொட்டிக்கு உடனே பிளீச்சிங் பவுடர் போட ஏற்பாடு செய்வார். மேசையில் நூறு வயிற்றுப்போக்குக்கு மருந்து கொடுப்பதைவிட இந்தச் சில சொட்டுக்குப் பலன் அதிகம் என்பது என் எண்ணம்.

உலக சுகாதார நிறுவனம் அவசர மருத்துவக் குழுக்களைத் தரம் பிரித்து வைத்திருக்கிறது. 2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்தின்போது உலகெங்குமிருந்து குழுக்கள் போய் இறங்கி, யாருக்கு என்ன தெரியும், யார் எங்கே இருக்கிறார்கள் என்றே புரியாமல் குழம்பியதில் வந்த ஏற்பாடு அது. முதல் வகையில் நடமாடும் குழு இருக்கிறது: ஒரு நாளைக்குக் குறைந்தது 50 புறநோயாளிகளைப் பார்க்கத் தகுதி வேண்டும். அறுவை சிகிச்சை, படுக்கை வசதியெல்லாம் அடுத்த வகைகளுக்கு. எல்லா வகைக்கும் பொதுவான விதி, தன் சோற்றையும் தண்ணீரையும் டீசலையும் தானே கொண்டுவர வேண்டும் என்பது. ஏற்கெனவே குடிதண்ணீருக்குத் தவிக்கும் ஊரில் வந்தவர்களுக்கும் சேர்த்துத் தண்ணீர் தேடக் கூடாது அல்லவா.

மருந்துப் பெட்டியும் மனம்போல நிரப்புவது இல்லை. ஐ.நா. அமைப்புகள் பயன்படுத்தும் அடிப்படை மருந்துப் பெட்டி ஒன்று, 1,000 பேருக்கு மூன்று மாதம் என்ற கணக்கில் கட்டப்பட்டது. அதில் பெரும்பாலும் மாத்திரைகளும், உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களும், காயத்துக்குக் கட்டுத் துணிகளும்தான். "ஊசி போடல" என்று வருந்துபவர்களுக்கு ஒரு சொல்: சாதாரண வயிற்றுப்போக்கில் உயிரைக் காப்பது அந்த ஓ.ஆர்.எஸ். பொட்டலமும், குழந்தைகளுக்கு அதோடு தரும் துத்தநாக மாத்திரையும். ஊசிக்கு அங்கே வேலையே இல்லை.

பள்ளிக்கூட வராண்டாவில்

குழு ஊருக்கு வந்ததும் மருத்துவர் மேசை போட்டு உட்கார்ந்துவிடுவதில்லை. முதலில் கிராம சுகாதார செவிலியரைத் தேடுவார்கள். நம் ஊர்களில் "நர்ஸம்மா" என்று எல்லோரும் கூப்பிடுவது அவரைத்தான். அவரிடம் ஒரு பதிவேடு இருக்கும். ஊரில் எத்தனை கர்ப்பிணிகள், யாருக்குப் பிரசவத் தேதி எப்போது, எந்தக் குழந்தைக்கு எந்தத் தடுப்பூசி பாக்கி என்பதெல்லாம் அதில் இருக்கும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துக்குப் பிறகு, வீட்டிலேயே சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை வாங்குபவர்களின் பட்டியலும் பல ஊர்களில் கைக்குக் கிடைக்கிறது. இந்தப் பட்டியல்கள் இல்லாமல் உட்கார்ந்தால், நடந்து வர முடிந்தவர்கள் மட்டும்தான் வருவார்கள். பக்கவாதத்தில் படுத்திருக்கும் பாட்டியும் நிறைமாதப் பெண்ணும் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள்.

அப்புறம் வரிசை. வரிசையின் தலைப்பில் ஒரு செவிலியர் நின்று எல்லோரையும் ஒரு பார்வை பார்ப்பார். முதலில் வந்தவருக்கு முதலில் என்ற முறை இங்கே இல்லை. யாருக்கு அவசரம் அதிகம் என்று பிரிக்கும் இந்த வேலைக்கு அவசர வகைப்படுத்தல் என்று பெயர். ஒரு அம்மா மடியில் இரண்டு வயதுப் பிள்ளை துவண்டு கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். செவிலியர் குனிந்து பிள்ளையின் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் மெல்லக் கிள்ளித் தூக்கி விடுவார். நல்ல பிள்ளைக்குத் தோல் சட்டென்று படிந்துவிடும். அது மடிப்பாகவே நின்று, இரண்டு வினாடிக்கு மேல் எடுத்துக்கொண்டு மெதுவாகப் படிந்தால் உடம்பில் நீர் வற்றிவிட்டது என்று அர்த்தம். கூடவே பால் குடிக்க முடிகிறதா, குடித்ததையெல்லாம் வாந்தி எடுக்கிறதா, வலிப்பு வந்ததா, கூப்பிட்டால் கண் திறக்கிறதா என்று கேட்பார். இதில் ஏதாவது ஒன்று சரியில்லை என்றாலும் அந்தப் பிள்ளை வரிசையைத் தாண்டி உள்ளே போகும். வரிசையில் முணுமுணுப்பு எழும். அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

மாத்திரை கேட்டு வருபவர்களிடம் பெரும்பாலும் சீட்டு இருக்காது. "காலையில ஒரு வெள்ளை, ராத்திரி ஒரு மஞ்சள்" என்பார்கள். மருந்தாளுநர் தன்னிடமுள்ள மாத்திரை அட்டைகளைப் பரப்பிக் காட்டி அடையாளம் காண வைப்பார், மருத்துவர் அளவைச் சரிபார்ப்பார். இன்சுலின் போடுபவருக்குக் குளிர்ப்பெட்டி இல்லையென்றால், பயன்பாட்டில் உள்ள குப்பியை வெயில் படாமல், ஈர மணல் சுற்றிய மண்பானைக்குள் வைக்கச் சொல்வார்கள். அப்படி வைத்தால் திறந்த குப்பி சுமார் நான்கு வாரம் தாங்கும். அடுத்த சுற்று வரை போதுமான அளவு மருந்து கொடுத்துவிட்டு, அடுத்த சுற்று எந்தக் கிழமை என்பதையும் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள்.

வரிசையில் சிலர் "தூக்கமே இல்ல டாக்டர், நெஞ்சு படபடங்குது" என்று மட்டும் சொல்வார்கள். கஜாவுக்குப் பிறகு டெல்டாவில் இப்படி வந்தவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். நெட்டைத் தென்னை காய்க்க ஆறேழு ஆண்டாகும். வைத்து வளர்த்த மரங்கள் ஒரே இரவில் போய்விட்டன, கடன் மட்டும் நிற்கிறது. இவருக்கு உடனே தூக்க மாத்திரை நீட்டுவது நல்ல வைத்தியமாகாது. உட்கார வைத்துக் கேட்க வேண்டும், உடனடித் தேவை என்ன என்று அறிந்து அதற்கு வழி காட்ட வேண்டும், தனியாக விடாதீர்கள் என்று வீட்டாரிடம் சொல்ல வேண்டும். இதற்கு உளவியல் முதலுதவி என்று பெயர். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தெரிந்தால் மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அடுத்த வாரம் வரும்போது அவரைப் பெயர் சொல்லி விசாரிப்பதும் இந்தச் சிகிச்சையில் சேர்த்தி.

நோய்கள் வரும் நாள் கணக்கு

கிருமி உடம்புக்குள் போன நாளுக்கும் நோய் வெளியே தெரியும் நாளுக்கும் இடையே ஒரு இடைவெளி உண்டு. நோயரும்பு காலம் என்பார்கள். புயலுக்குப் பிறகு எந்த நோய் எப்போது வரும் என்பதை இதுதான் தீர்மானிக்கிறது.

காலரா மாதிரி வயிற்றுநோய்கள் சில மணி நேரம் முதல் ஐந்து நாளுக்குள் தலைகாட்டும். எலியின் சிறுநீர் கலந்த வெள்ளத்தில் நடந்து வரும் எலிக்காய்ச்சலுக்குப் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு வாரம். ஆணி மிதித்தவருக்கு டெட்டனஸ் மூன்று நாளிலும் வரலாம், மூன்று வாரம் கழித்தும் வரலாம். டெங்கு இன்னும் தாமதம். தேங்கிய மழைநீரில் முட்டை கொசுவாக வேண்டும், அந்தக் கொசு நோயாளி ஒருவரைக் கடித்துக் கிருமியை வாங்கி, அது கொசுவுக்குள் முற்றி, பிறகு இன்னொருவரைக் கடித்து, அவருக்கும் நான்கு முதல் பத்து நாள் கழிந்து காய்ச்சல் வர வேண்டும். கூட்டிப் பார்த்தால் புயல் ஓய்ந்து ஒரு மாதத்தை ஒட்டிப் போகும்.

அதனால் மூன்றாம் நாள் வந்து "ஊரில் காய்ச்சலே இல்லை, எல்லோரும் நலம்" என்று எழுதிவிட்டுப் போகும் குழு பொய் சொல்லவில்லை, சீக்கிரம் வந்துவிட்டது, அவ்வளவுதான். செய்தி கேமராக்கள் கிளம்பிப் போன பிறகுதான் எலிக்காய்ச்சலும் டெங்குவும் வரும்.

பெய்ராவில் நோட்டில் விழுந்த கோடுகள்

குழு செய்யும் வேலைகளில் வெளியே யார் கண்ணிலும் படாதது நோய்க் கண்காணிப்பு. ஒவ்வொரு நாளும் எந்த ஊரில், எந்த வயதில், எத்தனை பேருக்குக் காய்ச்சல், நீர்ப்பேதி, இருமல், அம்மை என்று கோடு போட்டுக் கணக்கெடுத்து மேலே அனுப்புவதுதான் அது. ஒரு மருத்துவர் முன் வரும் மூன்று நீர்ப்பேதி அவருக்கு மூன்று நோயாளிகள். பத்து ஊர்களின் கணக்கை ஒன்றாக வைத்துப் பார்ப்பவருக்கு அது ஒரு பரவலின் தொடக்கமாகத் தெரியலாம்.

2019 மார்ச் 14 இரவு இடாய் புயல் மொசாம்பிக் நாட்டின் பெய்ரா துறைமுக நகரில் கரையேறியது. புசி, புங்வே ஆறுகள் உடைத்துக்கொண்டு உள்நாட்டையே கடலாக்கின. மொசாம்பிக்கில் மட்டும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குழுக்கள் படகிலும் ஹெலிகாப்டரிலும் ஊர்களுக்குப் போயின. அரசு மொழி போர்த்துகீசியம். ஊருக்குள்ளோ சேனாவும் ந்தாவும் பேசுவார்கள். மொழிபெயர்க்க உள்ளூர்ச் சுகாதாரப் பணியாளர் இல்லாமல் வெளிநாட்டு மருத்துவரால் ஒரு தலைவலியைக்கூடச் சரியாக விசாரித்திருக்க முடியாது.

காலரா வரும் என்று அங்கே எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அதனால் நீர்ப்பேதிக் கணக்கைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தார்கள். இதற்கு ஒரு எளிய விதி உண்டு: காலரா இல்லாத பகுதியில், இரண்டு வயதோ அதற்கு மேலோ உள்ள ஒருவருக்குக் கடும் நீர்ப்பேதியால் உடம்பு அடியோடு வற்றினால், அந்த ஒருவரே சந்தேகக் காலரா. உடனே தகவல் போக வேண்டும், மாதிரி ஆய்வகம் போக வேண்டும். மார்ச் 27ஆம் தேதி அரசு காலராவை அறிவித்தது. ஏப்ரல் 3ஆம் தேதி வாய்வழித் தடுப்பு மருந்து கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். சுமார் 9 லட்சம் தவணைகள் வந்து இறங்கியிருந்தன. மொத்தம் 6,700க்கும் மேற்பட்டோருக்குக் காலரா வந்தது, இறந்தவர்கள் 8 பேர். சிகிச்சையே இல்லாவிட்டால் கடும் காலரா வந்தவர்களில் பாதிப் பேர்கூட இறக்கலாம் என்பதை வைத்துப் பார்த்தால் இந்த எட்டு என்ற எண்ணின் பெருமை புரியும். உயிர் போவதற்குள் உப்பு சர்க்கரைக் கரைசல் வாய்க்குப் போய்ச் சேர்ந்ததும், கணக்கு ஒழுங்காக மேலே போய்ச் சேர்ந்ததும்தான் காரணம்.

பிணங்களால் கொள்ளைநோய் பரவும் என்ற அச்சத்தையும் இங்கேயே தொட்டுவிடலாம். புயலில் மூழ்கியோ இடிபாட்டிலோ இறந்தவர்களின் உடலால் கொள்ளைநோய் வராது. காலரா போன்ற தொற்றில் இறந்தவர்களின் உடலுக்கு மட்டும் தனிக் கவனம் வேண்டும். அவசர அவசரமாக அடையாளம் தெரியாமல் ஒரே குழியில் புதைப்பதால் நோய் குறையப் போவதில்லை, உறவுகள் தேடி அலைவதுதான் மிச்சம். செத்த ஆடுமாடு குடிநீரில் கிடந்தால் அது வேறு கதை, அதை உடனே அகற்ற வேண்டும்.

சரி, கடைசி இரண்டு பகுதியையும் சேர்த்துப் பார்த்தால்: நோய்கள் அலை அலையாக வருவதால் குழு வாரக்கணக்கில் வர வேண்டும். ஒவ்வொரு வரவிலும் எழுதும் கணக்கை முந்தைய கணக்கோடு ஒப்பிட்டால்தான் பரவல் முளையிலேயே தெரியும்.

குழுவால் முடியாதது

வேனில் அறுவை சிகிச்சை செய்ய முடியாது. சிக்கலான பிரசவம் பார்க்க முடியாது. வாரம் இரண்டு மூன்று தடவை டயாலிசிஸ் தேவைப்படுபவருக்கு வேனால் ஒன்றும் செய்ய இயலாது, அவரை மின்சாரம் உள்ள நகரத்துக்கு அனுப்பியே ஆக வேண்டும். இப்படித் தகுந்த இடத்துக்கு முறையாக அனுப்பி வைப்பது மேல்சிகிச்சைப் பரிந்துரை. சீட்டு எழுதிக் கொடுத்து "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று சொன்னால் வேலை முடிந்ததாகாது. எந்த மருத்துவமனை திறந்திருக்கிறது, அங்கே ஜெனரேட்டர் ஓடுகிறதா, எந்தச் சாலை திறந்திருக்கிறது, 108 எதுவரை வரும், அதுவரை யார் கொண்டுவந்து விடுவார் என்பதெல்லாம் காலையில் கிளம்பும்போதே தெரிந்திருக்க வேண்டும். பிரசவத் தேதி நெருங்கியவர்களைப் புயல் எச்சரிக்கை வந்த உடனேயே மருத்துவமனைக்கு மாற்றிவிடும் வழக்கம் தமிழ்நாட்டில் வந்திருக்கிறது. இது மிக நல்ல வழக்கம், அந்த இரவில் எந்த வண்டியும் ஓடாது.

குழு என்றைக்கும் ஊரிலேயே இருக்கவும் கூடாது. துணை சுகாதார நிலையத்தில் கூரை போட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் மின்சாரமும் மருந்தும் வந்து, சாலை திறந்ததும், தன் பதிவேட்டையும் தொடர் சிகிச்சையில் உள்ளவர்களின் பட்டியலையும் ஒப்படைத்துவிட்டு விலக வேண்டும்.

உதவ நினைப்பவர்களுக்கும் கடற்கரை வீடுகளுக்கும்

மருந்து வாங்கி அனுப்ப விரும்புபவர்கள் முதலில் கேட்டுவிட்டு அனுப்புங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சே பகுதிக்குச் சுமார் 4,000 டன் மருந்து நன்கொடையாக வந்து குவிந்தது. அதில் பெரும்பகுதி அந்நாட்டு மருந்துப் பட்டியலிலேயே இல்லாதது, உறையில் எழுதியிருந்ததும் அவர்களுக்குத் தெரியாத மொழி. கடைசியில் அதில் ஒரு பகுதியை அழிக்கவே தனியாகச் செலவாயிற்று. வீட்டில் மிச்சமான மாத்திரைகளைச் சேர்த்து அனுப்புவதும் அப்படித்தான். மாவட்ட நிர்வாகமோ அங்கே வேலை செய்யும் குழுவோ எது வேண்டும் என்கிறதோ அதைக் கொடுங்கள். பல நேரம் அது டீசலாகவும் ஜெனரேட்டராகவும் இருக்கும்.

கடலோரத்தில் இருப்பவர்கள் ஐப்பசி பிறக்கும் முன்பே இதைச் செய்து வைக்கலாம். தினமும் மாத்திரை சாப்பிடுபவர் வீட்டில் இருந்தால், மருத்துவரிடம் சொல்லி இரண்டு வாரத்துக்குக் கூடுதலாக வாங்கி, மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வையுங்கள். மருந்துச் சீட்டையும் மாத்திரை அட்டையின் பின்பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கோ உறவினருக்கோ அனுப்பிவிடுங்கள். உங்கள் கைப்பேசி சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடந்தாலும் அவர்கள் குழுவிடம் படித்துச் சொல்ல முடியும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நாலைந்து அதே டப்பாவில் இருக்கட்டும். ஒரு பொட்டலத்தை முழுசாக, அதன் உறையில் போட்டிருக்கும் அளவு (பெரிய பொட்டலத்துக்கு ஒரு லிட்டர்) சுத்தமான தண்ணீரில் கரைக்க வேண்டும், ஒரு டம்ளருக்குக் கொஞ்சம் என்று பிரித்துப் போடக் கூடாது. படுக்கையில் இருப்பவர், டயாலிசிஸ் செய்துகொள்பவர், நிறைமாதப் பெண் யாராவது வீட்டில் இருந்தால், அந்தப் பெயர் நர்ஸம்மாவின் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று இப்போதே ஒரு முறை கேட்டுவிடுங்கள்.